பசை போடாத பாறை

— அதை எடுக்காத, இவெலிஸ். இன்னும் ஊறணும்.

— எடுக்கல. ஃப்ளஷ் டேங்குக்குள்ள கல்லு ஏன் கிடக்குன்னு மட்டும் சொல்லு. தண்ணி அரைகுறையா வருதேன்னு பிளம்பரைக் கூப்பிட இருந்தேன்.

— கூப்பிட்டிருந்தா அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பான். அது கல்லு இல்ல, சிமெண்டு. நானே செஞ்சது.

— சிமெண்டுக்குக் கக்கூஸ்ல என்ன வேலை, எஃப்ராயின்?

— பொறு, சொல்றேன். புது சிமெண்டுலேருந்து சுண்ணாம்புக் காரம் கசிஞ்சுகிட்டே இருக்கும். அப்படியே மீன் தொட்டிக்குள்ள வச்சா எல்லாம் செத்துடும். நல்ல தண்ணியில போட்டு, தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும். யாரு உக்காந்து மாத்துறது? இங்க போட்டா, ஒவ்வொருத்தர் போயிட்டு வரும்போதும் தானா மாறிடுது.

— அப்போ இத்தனை நாளா நான் உன் பாறைக்கு ஊழியம் பண்ணியிருக்கேன்.

— உங்கம்மா வந்து தங்கினாங்களே, அந்த வாரம்தான் நல்லா ஊறுச்சு.

— எங்கம்மாவை இழுக்காத. நம்ம லா பார்கேராவுல பாதிப் படகு மோட்டாரை உன்கிட்டதான் பழுது பார்க்கிறாங்க. எவனாவது ஒருத்தன்கிட்ட சொன்னா கடல்லேருந்தே நாலு கல்லு கொண்டுவந்து கொடுத்துட்டுப் போறான்.

— பவளப்பாறையில கை வச்சா பிடிச்சு உள்ள போடுவான். பிடிக்கலைன்னாலும் எனக்கு மனசு வராது. உயிரோட இருக்கிறத உடைச்சு வீட்டுக்குள்ள வைக்கவா?

— சரி, அப்புறம்? இதுல எப்படி இவ்வளவு ஓட்டை? ரொட்டியப் பிச்சுப் பார்த்த மாதிரி இருக்கு.

— உப்பு. காபோ ரோஹோ உப்பளத்துக் கல்லுப்பு. சிமெண்டு, பொடிச்ச சிப்பி, கல்லுப்பு, எல்லாத்தையும் பிசைஞ்சு ஈர மணல்ல குழி பறிச்சு அப்பினேன். ஊற ஊற உப்பு கரைஞ்சு போயிடும். உப்பு இருந்த இடமெல்லாம் ஓட்டையா நிக்கும்.

— உள்ள இருந்தது போனதாலதான் இதுக்கு இவ்வளவு அழகு.

— நீ வேற எதையோ சொல்ற.

— கல்லைத்தான் சொல்றேன். வியாழக்கிழமை விமானம், இன்னும் பெட்டி கட்டல. சண்டை போட எனக்கு நேரமில்ல. அடியில இந்த வெள்ளைக் குழாய் எதுக்கு?

— அதான் காலு. போன தடவ மணலைக் கொட்டி, அது மேல பாறைய அடுக்கினேன். சொடக்குப் போடுற இறால் ஒண்ணு இருந்துதே, அது ராவும் பகலுமா அடியில வீடு தோண்டிச்சு. மொத்தக் கோபுரமும் கண்ணாடி மேல சாஞ்சுது.

— மறப்பேனா? ஹால் முழுக்கக் கடல். நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்து முட்டி போட்டுத் துடைக்கிறேன், நீ சோபாவுக்கு அடியில இறால் தேடுற.

— கிடைச்சுதில்ல, உயிரோட. இந்தத் தடவ காலு நேரா கண்ணாடித் தரையில நிக்கும். மணல் அப்புறம்தான். எவ்வளவு வேணா தோண்டட்டும்.

— இந்த வெளுத்த சிமெண்டு எப்போ பாறையாகும்?

— பழைய பாறைத்துண்டு ஒண்ணை இதுக்குப் பக்கத்துல வைக்கணும். அதுலேருந்து இதுக்கு உயிர் ஏறும். முதல்ல அழுக்கா பச்சைப் பாசி. அப்புறம் மெதுவா ஊதா படரும். வருஷக்கணக்காகும்.

— பக்கத்துல வச்சாப் போதுமா?

— போதும். ஒட்டணும்னு இல்ல, ஒரே தண்ணியில இருக்கணும்.

— ம். போன புயல்ல கரண்டு போனப்ப, மீனுக்கு மூச்சு முட்டக் கூடாதுன்னு நீ கையாலயே தொட்டித் தண்ணியக் கலக்கிக்கிட்டுக் கிடந்தது ஞாபகம் வருது. சாப்பிடக்கூட எழுந்திருக்கல. அப்பவே எனக்குத் தெரியும், இதை விட்டு நீ எங்கயும் வரமாட்டேன்னு.

— பாதிதான் பிழைச்சுது.

— இன்னொண்ணு கேக்குறேன். பழைய கோபுரத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்த. சுத்தியல் வச்சாத்தான் பிரியும். இதுல பசையே காணோம். துண்டு துண்டா, நடுவுல துளை, ஒரு பிளாஸ்டிக் கம்பி. உருவினா கையோட வந்துடுது.

— ஆமா. கழுவ வசதியா இருக்கும்.

— நீ என்னைக்குக் கழுவின? துண்டும் ரொட்டி அளவுக்குத்தான் இருக்கு. உனக்கு எப்பவும் மலை மாதிரி வேணுமே.

— சின்னதா இருந்தா தூக்கச் சுலபம். கை வலிக்குது.

— மோட்டாரைத் தோள்ல போட்டு நடக்குற கை.

— வயசாகுதில்ல.

— பொய் சொல்லும்போது நீ காதைத் தடவுவே. இப்பத் தடவுற. நான் போனதும் இதைக் கழட்டி யாருக்காவது கொடுத்துடப் போறியா?

— அப்படி யாரு சொன்னா?

— யாரும் சொல்ல வேணாம். கேளு சாமி, அப்படி மட்டும் பண்ணிடாத. நானும் இல்லாம, இதுவும் இல்லாம, இந்த வீட்டுல சுவரைப் பார்த்துக்கிட்டா உக்காந்திருப்ப? நான் உன்னைத் தண்டிக்கப் போகல. அங்க வேலை கிடைச்சுது, போறேன். உன்னையும் வான்னுதான் கூப்பிட்டேன். ஆர்லாண்டோவுல கடல் இல்லைன்னு நீதான் சொன்ன.

— இல்லதான். வரைபடத்துல பார்த்தேன். வண்டியில ஒரு மணி நேரம் போகணும்.

— எப்போ பார்த்த?

— சிமெண்டு காயட்டும்னு உக்காந்திருந்தப்ப.

— எஃப்ராயின்.

— பொறு, நான் முடிச்சுக்கிறேன். எப்படியும் அங்க வீட்டுக்காரம்மாகிட்ட சாவி வாங்கப் போவ இல்ல? நீ பிடிச்சிருக்கிறது மாடி வீடு. அந்தத் தரை, தண்ணியும் பாறையுமா நிறைஞ்ச ஒரு தொட்டியைத் தாங்குமான்னு கேட்டுச் சொல்றியா?