புள்ளக் காம்பராவில் ஒரு கையெழுத்து

— அழிச்சுட்டேனுங்க அம்மிணி. ஆறே நிமிசத்துல அழிச்சுப் போட்டேன்.

— உங்க போன்ல மட்டும் அழிச்சிருக்கீங்க கிளார்க்கையா. மத்த இருநூறு பேரு போன்லயும் அது அப்படியே கெடக்கு.

— ரெண்டு பட்டன் காட்டுச்சு. முப்பது வருசமா ஆபீஸ்ல குப்பை கொட்டறேன், எதை அமுக்கறதுன்னு தெரியல பாருங்க.

— எந்தத் தேயிலக் காட்டுல இன்னைக்குக் கொழுந்துன்னு காலையில போடுற குரூப்பு அது. அதுல என் லீவு லெட்டரு. கூடவே ஊட்டி ஆஸ்பத்திரி சீட்டு. ஹெச்ஐவிக்கு மாத்திரை வாங்குற சசிகலான்னு பேரோட.

— மேனேஜருக்குப் போக வேண்டியதுங்க. கைதவறிப் போச்சு. நானே கைதவறிப் பொறந்தவன்னு எங்கம்மா சொல்லும்.

— எனக்குச் சிரிப்பு வரல.

— சரி, வேண்டாம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க.

— என்னா இது?

— இந்தப் புள்ளக் காம்பராவுல இருந்து நாத்துப் பண்ணைக்கு மாத்தச் சொல்லி நீங்களே கேக்கற மாதிரிங்க. செடிக்குத் தண்ணி ஊத்தற வேலை. சம்பளம் அதேதான்.

— நான் எப்பக் கேட்டேன்?

— அதான், உங்களுக்குப் பதிலா நானே கேட்டு எழுதிட்டேன்.

— பதினோரு வருசம் கிளார்க்கையா. கொழுந்தெடுக்கப் போற தாய்மாரு இங்க விட்டுட்டுப் போற புள்ளைங்கள நாந்தான் கழுவிவிட்டு, சோறு ஊட்டி, தொட்டில்ல போடுறேன். ஒண்ணுக்காவது என்னால சீக்கு வந்துச்சா?

— வராதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?

— தெரிஞ்சா அதையும் அந்தக் குரூப்புல போட்டிருக்கலாமே. மாத்திரைய விடாமத் தின்னுறதால என் ரத்தத்துல கிருமி தெரியவே இல்லன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.

— நான் போட்டா யாருங்க நம்புவா? தெனமும் கடி ஜோக்கு போடற ஆளு.

— சும்மா கதைக்காதீங்க. ஒருத்தி சீட்ட ஊருக்கே காட்டுறது சட்டப்படி குத்தம். அதுக்காக வேலைய மாத்துறதும் குத்தம். தெரிஞ்சுதானே நானே கேட்டாப்புல எழுதிக்கிட்டு வந்தீங்க?

— மேனேஜரு சொன்னாரு, எழுதினேன். சொன்னதை எழுதற கைங்க இது.

— கை கைன்னே சொல்லுறீங்க. அவருகிட்ட பேச உங்களுக்கு வாய் இல்லையா?

— ஜோக்குச் சொல்ற வாய்தான் இருக்குது. மத்ததுக்கு இன்னும் பழகல. ஆனா அம்மிணி, நான் கல்லு இல்லீங்க. மூணு நாளாச் சோறு எறங்கல. பெத்தவங்க பயப்படறாங்கன்னு அவருக்குப் போன் வந்துருக்குதுங்க. இவ இருந்தா புள்ளைய அனுப்ப மாட்டோம்னு.

— எந்தப் பெத்தவங்க?

— பேரு சொல்லலீங்க. லயத்து வரிசை ஊடுகள்ல இருக்கறவங்களாத்தான் இருக்கும். படிக்காத சனம், பயப்படத்தானே செய்யும்.

— லயத்தப் பத்திப் பேசாதீங்க. பதிமூணு வருசத்துக்கு முந்தி என் புருசன் செத்தப்ப, இன்ன சீக்குன்னு தெரியாம, வெறும் சந்தேகத்துலயே அவரத் தூக்க ஒரு ஆளு வரல. நானும் என் தம்பியும் ரெண்டு கூலிக்காரங்களும் சேர்ந்து தூக்குனோம். அதே லயந்தான். நீங்க படம் போட்ட அன்னைக்கே சாயங்காலம் மூக்கம்மா அக்கா வந்துச்சு. பேத்திய என் மடியில போட்டுட்டு, எனக்குச் சக்கர மாத்திரை, உனக்கு இந்த மாத்திரை, நாளைக்கு நேரத்தோட கதவத் தொறன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. கைநாட்டு வைக்கிற பொம்பளை.

— மூக்கம்மாவா?

— அது மட்டுமா. நான் போயிருவேனோன்னு மறுநாளு ஏழு பேரு வந்து வாசல்ல நின்னாங்க. நீங்க என்னடான்னா காகிதத்தோட வர்றீங்க. நான் போட மாட்டேன். மேனேஜரையே வந்து கேக்கச் சொல்லுங்க.

— அப்பப் போன் பண்ணுனது யாருங்க? நேராச் சொல்லிப் போடுங்க. எத்தனை புள்ளைக வரல? அந்த ஊடுகளுக்கு நானே போறேன். கால்ல விழுந்தாவது பேசறேன்.

— லயத்துப் புள்ளைங்க பதினாறும் உள்ள தூங்குதுங்க, எட்டிப் பாருங்க. மூணு நாளா வராதது ஒண்ணே ஒண்ணுதான். ஸ்டாப் குவாட்டர்ஸ்ல இருக்குற உங்க மகன் ஊட்டுப் புள்ள, அஸ்வந்த்.