சுயம்புலிங்கத்தின் முன் பிரேக்

புது லைனிங் போட்ட பிரேக் முதல் ஐம்பது மைல் சரியாகப் பிடிக்காது. மோட்டார் சைக்கிளைத் தொட்ட எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைச் சொல்வான். சக்கரத்தின் நடுவில் டிரம் இருக்கிறது. அதற்குள் பிறை மாதிரி இரண்டு ஷூ. ஷூவின் முதுகில் லைனிங் பட்டையை வைத்துச் செப்பு ஆணியால் அடிக்கிறோம். பட்டை புதிதாக இருக்கையில் அங்கே மேடு, இங்கே பள்ளம். டிரம்மில் பாதிதான் உரசும். ஓட்டி, பிடித்து, ஓட்டி, பிடித்து, மேடு தேய்ந்து முழுதாக உட்கார வேண்டும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுகிற மாதிரி என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வேன்.

ட்ராம் டிரைவர் முனியன் மேல் தப்பில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். அவன் மணி அடித்தான், பிரேக்கைத் திருகினான். மோட்டார் சைக்கிள்காரர் தண்டவாளத்தில் விழுந்தபோது ட்ராம் பத்தடி தூரத்தில் இருந்தது. பத்தடியில் யாராலும் ட்ராமை நிறுத்த முடியாது. நாலு நாளாக அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் சம்சாரம் குப்பம்மா வெளியே நிற்கிறாள். நான் உள்ளே வரும்போது, "அண்ணே, உள்ள உனுக்கு யாரையாச்சும் தெரியுமா?" என்று என்னிடமே கேட்டாள். தெரியாது என்றேன்.

மோட்டார் சைக்கிளில் கோளாறு ஒன்றும் இல்லை என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த முன் பிரேக்கைப் போல இன்னொன்று இந்தப் பட்டணத்தில் இருக்காது. அது என் கை வேலை.

என் பெயர் கபாலி. அப்பா பல்லாவரத்தில் கல் உடைத்தார். அம்மா சல்லி சுமந்தாள். பதினாலு வயது வரை நானும் சம்மட்டி பிடித்தவன்தான். இந்த இடது கட்டைவிரல் நகம் அப்போது போனது. பிறகு லஸ்ஸில் ஹபீபுர் ரஹ்மான் பாயின் ஷெட்டுக்கு வந்தேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பாய் இதுவரை என் மேல் கை நீட்டியதில்லை.

இறந்துபோன சுயம்புலிங்கம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அடையாற்றில் வீடு கட்டுகிற ஒரு காண்டிராக்டரிடம் ஓவர்சியர். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட வண்டி ஒன்றை வைத்திருந்தார். ஆகஸ்டு மாதம் அதற்கு முன் பிரேக் லைனிங் மாற்றினேன். ஐம்பது மைல் நிதானமாக ஓட்டுங்கள் என்றும் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. அன்றைக்கே அடையாறு பாலத்தில் ஒரு கட்டை வண்டியின் பின்னால் போய் இடித்து முழங்காலில் தோல் பெயர்ந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே ஷெட்டுக்கு வந்தார். வாசலில் நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் ஒன்று, தலையில் ஒன்று. "கல்லு ஒடைக்கிறவன் கையில ஸ்பானரக் குடுத்தா இப்படித்தாம்ல இருக்கும்" என்றார். எதிரே டீக்கடை. அங்கே யாரோ சிரித்தார்கள். பாய் ஓடிவந்து நடுவில் நின்றார்.

அன்று முதல் அந்தக் கடையில் நான் டீ குடிப்பதில்லை. கடையைத் தாண்டிப் போனால், "இன்னா கபாலி, பிரேக் புடிக்குதா நைனா?" என்பார்கள். கன்னத்தைத் தடவிக் காட்டுவார்கள். வேடிக்கைதான். நான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் அவர் வேறு எங்கோ போய் மட்டமான லைனிங் ஒன்றைப் போட்டுக்கொண்டார். கெட்டியான சரக்கு, எத்தனை மைல் ஓடினாலும் பிடிக்காது. இரண்டு மாதம் அதை வைத்தே ஓட்டினார். லஸ் முனையில் அடிக்கடி பார்ப்பேன். நாலு விரலும் லீவரில். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி பிழிவார், முட்டி வெளுத்துப்போகும். அப்போதும் வண்டி தயங்கித் தயங்கித்தான் நிற்கும். மெக்கானிக்கின் கண் கைக்குத்தான் போகும், ஐயா. வேறு காரணத்துக்காகப் பார்க்கவில்லை.

போன வாரம் திங்கட்கிழமை அவர் ஷெட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கபாலி, அன்னைக்கு நீ சொன்னதுதான்யா சரி. புது லைனிங்னா அப்படித்தானாம்லா. தெரியாம அடிச்சிட்டேன், மனசுல வச்சுக்கிடாத. இந்தத் தடவ நீயே மாத்தி, நீயே ஓட்டிப் பழக்கி, முழுசாக் குடு."

நல்ல மனுஷன்தான். அன்றைக்கு டீக்கடை பூட்டியிருந்தது. தெருவில் ஒரு மாடுதான் நின்றது.

"அவரே வந்து கேட்டுக்கினாரு. உட்டுடு கபாலி" என்றார் பாய்.

"உட்டுட்டேன் பாய்" என்றேன்.

வேலையை ஒழுங்காகச் செய்தேன். பாய் சண்டைக்கு முன்னால் வாங்கிப் பூட்டி வைத்திருந்த சீமை லைனிங்கைக் கேட்டு எடுத்தேன். ஆணி ஒவ்வொன்றையும் தட்டிக் காது வைத்துக் கேட்டேன். ஓரங்களை அரத்தால் ராவினேன். டிரம்மைக் கடைந்து கண்ணாடி மாதிரி ஆக்கினேன். பிறகு ஓட்டினேன். சாந்தோம், அடையாறு பாலம், ஊரூர் குப்பம், அங்கிருந்து திரும்ப லஸ், இப்படிப் பல சுற்று. வழியெல்லாம் பிடித்துப் பிடித்துப் பழக்கினேன். குப்பத்துக்கிட்டே மீன்காரி கங்கம்மா கூடையோடு குறுக்கே வந்துவிட்டாள். ஒரு விரல்தான் வைத்தேன். அவளுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றது.

"இன்னாயா இது, செவுத்துல முட்னாப்ல நிக்குது" என்றாள்.

அப்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்ததைச் சொல்கிறேன். ஒரு விரலுக்கு இப்படி நிற்கிற பிரேக்கை நாலு விரலால் பிழிந்தால் என்ன ஆகும்? காய்ந்த ரோட்டில் டயர் கத்தும், ஆளைத் தூக்கிப் போடும், பிழைத்துக்கொள்வார். நனைந்த ட்ராம் தண்டவாளத்தின் மேல் முன் சக்கரம் இறுகினால், சக்கரம் ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவான். அதைப் பிரேக்கின் குற்றம் என்று சொல்ல முடியாது. கையின் குற்றம்.

இதற்காகவே பாய் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக் வேலை முடிந்த வண்டியை வாடிக்கைக்காரர் சும்மா எடுத்துப் போக முடியாது. ஷெட் வாசலில் மூன்று தடவை ஓட்டிப் பிடித்துக் காட்ட வேண்டும். பழைய பிரேக்குக்குப் பழகிய கை புதுசுக்குப் பழக வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் நான் அதைத் தவறவிட்டதில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்து மழை. பத்து மணிக்கு சுயம்புலிங்கம் குடையோடு வந்தார். குடையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டார். உதைத்துக் கிளப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இனி ஏதும் கவனிச்சு ஓட்டணுமாய்யா? சொல்லிரு. இந்த மட்டம் கேட்டுக்கிடுதேன்."

"ஒண்ணும் இல்லீங்க. எப்பவும் ஓட்ற மாதிரியே ஓட்டுங்க" என்றேன்.

என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தெருமுனை திரும்பினால் தண்டவாளம் வளைகிற இடம். நான் உள்ளே வந்து ஸ்பானர்களைத் துடைத்து அளவுப்படி அடுக்கினேன். பதினேழு ஸ்பானர். ஒன்பதாவதைத் துடைக்கும்போது முனியனின் மணி கேட்டது. விடாமல் அடித்தான், பாவம். மிச்சத்தையும் துடைத்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

போய்ப் பார்த்துவிட்டு வந்த பாயின் சட்டையில் ரத்தம் இருந்தது. வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். பிறகு, "வாசல்ல மூணு தபா புடிக்க வெச்சியா?" என்று கேட்டார்.

"மழை, பாய். நனையறாரேன்னு உட்டுட்டேன்."

அவர் அன்றிலிருந்து ஷெட்டுச் சாவியை என்னிடம் கொடுப்பதில்லை.

ஆகவே முனியனை விட்டுவிடுங்கள். என் பேரில் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தவில்லை. நல்ல பிரேக் போட்டேன். அடித்தவனுக்கே நல்ல பிரேக் போட்டேன். எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்?

வண்டி என்றைக்குத் தயாரானது என்று கேட்டீர்கள். ஷெட்டில் பாய் வேலைக் கணக்கு எழுதும் பலகையில் சனிக்கிழமை என்று இருக்கும். நான்தான் எழுதினேன். லைனிங் போட்டதும் ஐம்பது மைல் ஓட்டியதும் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டன. புதன்கிழமை அவர் வந்து கேட்டார். இன்னும் பத்து மைல் ஓட வேண்டும் என்றேன். வியாழக்கிழமை அடையாற்றிலிருந்து நடந்தே வந்தார், நாளைக்கு என்றேன். வெள்ளிக்கிழமையும் நாளைக்கு என்றேன். மூன்று நாளும் வண்டி மூலையில் சாக்குப் போர்த்திச் சும்மா நின்றது. மூன்று நாளும் நல்ல வெயில்.

மழையை நான் வரவழைக்கவில்லை, ஐயா. அது வருகிறவரை பொறுத்திருந்தேன். அவ்வளவுதான்.