மாப்பிள்ளை நகர மாட்டேங்குறாரு

நின்னுட்டாரு பாத்தீங்களா டீச்சர், மறுபடியும் நின்னுட்டாரு. பதினோரு அடி. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டேதான் வந்தேன். அதுக்கு முன்னாடி ஏழு, அதுக்கும் முன்னாடி ஒம்பது. நல்லா வர்றாரேன்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், பொசுக்குன்னு பின்னங்காலை மடக்கிக்கிட்டு நின்னுட்டாரு. நீங்க பயப்படாதீங்க, சேணத்துல அப்படியே உக்காந்திருங்க. கடிவாளத்த இழுத்துப் புடிக்க வேணாம், அதெல்லாம் ஓடற குதிரைக்கு. ஓடறதுங்கறது இவரு ரத்தத்துலயே இல்ல.

மாப்பிள்ளைன்னு பேரு வெச்சது முதலாளியம்மா. நான் அன்னிக்கே சொன்னேன், வேணாங்க, பேருக்கேத்த குணம் வந்துடும்னு. கேட்டாங்களா. இப்ப மாமனார் வீட்டு வாசல்ல முறுக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கிறாரு. ஒரு மட்டக்குதிரைக்கு இவ்வளவு கௌரவம் ஆகுமா, சொல்லுங்க. நீங்க எங்க சொல்லப் போறீங்க. தொண்டையில கட்டி, பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னுதான் காலையிலயே நோட்டுல எழுதிக் காட்டிட்டீங்களே. முப்பது வருஷம் பிள்ளைங்க கிட்ட கத்தின தொண்டை, பாவம். பேசவே தேவையில்லாத எடமாப் பாத்து குதிரை லாயத்துல ஒரு நாள் இருக்கலாம்னு வந்திருக்கீங்க. நல்ல யோசனைதான். எங்க லாயத்துல ஒரே அமைதி.

மணி என்ன... மூணு பத்து. நாலு மணிக்குள்ள உங்களச் சுமந்துக்கிட்டு இந்தத் தடத்த ஒரு முழு சுத்து சுத்தி இவரு வாசலுக்கு வரணும். வரலேன்னா போட்டோக்காரர் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடுவாரு. வண்டி வந்து நிக்குது, பின்கதவு கூட தொறந்தாச்சு. முதலாளியம்மா ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. இதுதான் கடைசி, சவாரிக்கு ஆகாத குதிரைய வெச்சுக்கிட்டு நான் என்ன கும்பிடவா முடியும்னாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

அந்தப் போட்டோக்காரரு இருக்காரே, பொறந்தநாள் பிள்ளைங்களையும் கல்யாண ஜோடியையும் குதிரை மேல உக்கார வெச்சுப் படம் புடிக்கிறவரு. பத்து குதிரை பாத்தாராம், பத்தும் ஆடுதாம். இங்க வந்து மாப்பிள்ளையப் பாத்தாரு. நான் இவரு பெருமைய எடுத்துச் சொல்லச் சொல்ல, ஒரு மணி நேரம் அசையல. ரெண்டு பேருமேதான். இனிமே இவரு ஒரு அறைக்குள்ள, விளக்கு வெளிச்சத்துல, கழுத்துல காகிதப் பூவோட நிக்கணும். பின்னாடி திரையில புல்வெளி வரைஞ்சிருக்காம். வரைஞ்ச புல்ல எத்தனை நாளைக்கு டீச்சர் ஒரு குதிரை பாத்துக்கிட்டே நிக்கும்.

கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

அடேங்கப்பா. இதோ, நான் பாட்டிலைத் தொறந்து மூணு மடக்கு குடிக்கிறதுக்குள்ள அந்த மரத்துலேருந்து இங்க வந்துட்டாரு பாருங்க. தண்ணி சத்தம் புடிக்குதோ என்னமோ. போன மாசமும் இப்படித்தான், எனக்குக் கடவாப்பல் புடுங்கி வாயில பஞ்சு அடைச்சிருந்தாங்க. அன்னிக்கு மூணு சுத்து வந்தாரு. மூணு. முதலாளியம்மா வாசல்ல வந்து நின்னு பாத்தாங்க. சரி, அந்தப் பஞ்சு மருந்து வாசனைதான் காரணம்னு மறுநாள் அதே மருந்துல பஞ்ச நனைச்சு கடிவாளத்துல கட்டி விட்டு, இது உனக்குத்தாண்டா, எங்கெங்கயோ அலைஞ்சு வாங்கிட்டு வந்தேன்னு எடுத்துச் சொன்னேன். ஒரு அடி எடுத்து வெக்கல.

பாக்காத வைத்தியமா. லாடம் அடிக்கிறவரு நாலு தடவை லாடம் மாத்தினாரு. நாலாவது தடவை, குதிரைக்கு ஒண்ணுமில்ல, உன்னத்தான் யாராவது பாக்கணும்னுட்டுப் போனாரு. தொழில் தெரியலேன்னா அடுத்தவன் மேல பழி போடறது. கால்நடை டாக்டர் வந்து பல்லப் பாத்தாரு, காதப் பாத்தாரு, வயித்துல காது வெச்சுக் கேட்டாரு. நானும் பக்கத்துலயே நின்னு இவரோட முழு வரலாறையும் சொன்னேன். பாதியில டாக்டர் பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அப்புறம் தனிமையா இருக்குமோன்னு ஒரு ஆட்டைக் கொண்டு வந்து கூடக் கட்டினேன். ஆடு சேணத்துக்கு அடியில போடற துணியத் தின்னுடுச்சு. இவரு அதையும் நின்னுக்கிட்டே பாத்தாரு.

சவாரிக்கு வர்றவங்களச் சொல்லணும். மேல உக்காந்துக்கிட்டு ஹை ஹைங்கறாங்க, குதிகால்ல இடிக்கிறாங்க. நான் எல்லாருக்கும் பொறுமையாத்தான் எடுத்துச் சொல்றேன். கெளம்பறதுலேருந்து வந்து சேர்ற வரைக்கும் வாய் ஓயாமச் சொல்லிக்கிட்டேதான் வர்றேன். ஒருத்தரு எறங்கி நடந்தே போயிட்டாரு.

உங்களப் பத்திச் சொல்லக்கூடாது, நீங்க தங்கம். காலையில வந்ததும் வைக்கோலைக் கூட்டி அள்ளினீங்க. உடம்பு தேய்க்கறப்ப முடி படிஞ்ச பக்கமாவே தேய்ச்சீங்க, அது நாலு நாள் சொல்லிக் குடுத்தாலும் பல பேருக்கு வராது. குளம்பு சுத்தம் பண்றதுதான் எனக்கு ஆச்சரியம். ஒவ்வொரு காலுக்கும் நான் கால் மணி நேரம் கெஞ்சணும், தூக்குடா ராஜா, குடுடா கண்ணு, இப்படிக் கெடந்தா அழுகிப் போகும்டான்னு. நீங்க பேசாம முழங்காலுக்குக் கீழ ஒரு தட்டு தட்டினீங்க, மாப்பிள்ளை காலத் தூக்கிக் கையில குடுத்துட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு டீச்சர். பொறாமைன்னே வெச்சுக்குங்க.

மூணு முப்பத்தஞ்சு. நம்மளோட கெளம்பின நத்தை அந்த வளைவுகிட்டப் போயிடுச்சு, பாருங்க.

என்ன, நோட்ட எடுக்கறீங்க. எறங்கணுமா. அதெல்லாம் வேணாம், இன்னும் நேரம் இருக்கு, நீங்க எறங்கிட்டா கணக்குல வராது. குடுங்க, படிக்கறேன். கண்ணாடி வேற எடுத்துட்டு வரல... "நீங்கள் பேசினால் நிற்கிறது. பேசாவிட்டால் நடக்கிறது. ஆறு முறை பார்த்துவிட்டேன்." கீழ கோடு வேற போட்டிருக்கீங்க.

என் பேச்சா?

நல்லா இருக்கே. இருபத்திரெண்டு வருஷமாக் குதிரையோட இருக்கேன், என் பேச்சுக்கு ஒரு குதிரை நிக்குதுன்னா... தண்ணி குடிச்சப்ப நடந்துச்சுன்னா அது தாகத்துக்கு... பல்லு புடுங்கின அன்னிக்கு நான்...

அய்யய்யோ.

டீச்சர், ஒண்ணு சொல்றேன், முதலாளியம்மாகிட்டப் போய்ச் சொல்லாதீங்க. சொல்லவும் முடியாது, எழுதிக் காட்டிடாதீங்க. பழக்கினது நான்தான். இது புதுசா வந்தப்ப ஒரு எடத்துல நிக்காது. கேட்டுல வாட்ச்மேனோட ரெண்டு வார்த்தை பேச விடாது, கயித்த இழுத்துக்கிட்டே இருக்கும். அதான் கேரட்ட நறுக்கிப் பையில போட்டுக்கிட்டேன். நான் பேசறப்ப அசையாம நின்னா ஒரு துண்டு. நாலே நாள்ல புடிச்சுக்கிச்சு. அப்பல்லாம் நானும் நாளைக்கு ரெண்டு பேரு, மூணு பேரோடதான் பேசுவேன். அப்புறம் அந்த வாட்ச்மேன் என்னக் கண்டாலே கேட்டப் பூட்டிட்டு உள்ள போக ஆரம்பிச்சாரு. வீட்டுல நான் சாப்பிட உக்காந்தா என் வீட்டுக்காரி குழம்பு ஊத்திட்டு அடுப்படிக்குப் போயிடுவா. அதனால இவர்கிட்டயே பேச ஆரம்பிச்சேன். கேரட் குடுக்கறத நிறுத்தி எட்டு வருஷம் ஆகுது டீச்சர். எட்டு வருஷமா, நான் வாயத் தொறந்தா நின்னு கேக்குது. நான் அத நோய்னு நெனச்சு டாக்டரக் கூப்பிட்டிருக்கேன்.

வாயில்லா ஜீவன்னு சொல்லுவாங்க. அதோட பங்கு வாயையும் சேத்து ஆண்டவன் எனக்குக் குடுத்திருக்காரு.

நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம். சரி. வாய மூடிக்கறேன். கெளம்பலாம்.

. . .

நடக்குது டீச்சர், நடக்குது, நீங்க சொன்னது அப்படியே... சே. நின்னுடுச்சு. தப்பு என் மேலதான். இனிமே பேசல.

. . .

ச்சூ, ஈ! இல்ல, இப்ப பேசினது ஒரு ஈ வாய்கிட்ட வந்துச்சு, அதனால. மொறைக்காதீங்க. பள்ளிக்கூடத்துல கூட என்ன இப்படி யாரும் மொறைச்சதில்ல. மொறைச்சிருக்காங்க, ஆனா...

இது சரிப்படாது. என்னால முடியலீங்க. பாதையில ஒரு கல்லு கெடந்தா கல்லுன்னு சொல்லணும்னு தோணுது. இந்தாங்க, நான் புடிச்சு நடத்தற கயித்தயும் நீங்களே புடிங்க. காலையில சொல்லிக் குடுத்த மாதிரி கடிவாளத்துல இடது கயித்த லேசா இழுத்தா இடது பக்கம் திரும்புவாரு. வளைவு தாண்டினா நேர் பாதை, நேரா வாசல். நான் இங்கயே நின்னுக்கறேன், என் சத்தம் எட்டாத தூரத்துக்கு நீங்க போயிடுங்க. முதலாளியம்மா கேட்டா, நான் கால் சுளுக்கி உக்காந்துட்டேன்னு எழுதிக் காட்டுங்க. போங்க. நான் திரும்பிக்கறேன்.

. . .

போகுது. என்னமா நடக்குது. தலைய ஆட்டிக்கிட்டு, வாலு பாரு வாலு, ஒரு மட்டக்குதிரை நடக்கற நடையா அது. என்ன விட்டுட்டு இப்படியா நடப்பாரு... டீச்சர்! வளைவுல இடது! இடது கயிறு!

நின்னுட்டாரு. அங்கேருந்தே காதத் திருப்பறாரு. அவ்வளவு தூரத்துலேருந்து கேக்குதா உனக்கு. நான் ஒண்ணும் பேசலடா, நீ போ. உன்கிட்ட இல்ல, சும்மா எனக்குள்ளதான். திரும்பிப் பாக்காத, வண்டிக் கதவு தொறந்திருக்குடா, நாலு மணிக்குள்ள வாசலுக்குப் போயிடுடா கண்ணு. இதோ பாரு, தோள்ல கெடக்கற துண்ட எடுக்கறேன், சுருட்டறேன், வாய்க்குள்ள வெச்சு அடை...