பெப்பர்மின்ட் வாசம்

வாயில் மிட்டாய் போட்டிருக்கிறவர்கள் இப்போதே துப்பிவிடுங்கள். ஏன் என்பது கடைசியில் தெரியும். விளக்கு அது ஒன்று போதும். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நெருங்கி உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

நேரம், பகல் பதினொரு மணி. ஆமாம், பகல்தான். பேய் ராத்திரி டியூட்டி மட்டும்தான் பார்க்கும் என்று யார் சொன்னது? சுற்றிலும் கடல்... ஒரே ஒரு படகு... தூரத்தில் ஆளில்லாத ஒரு தீவு. அந்தப் படகின் விளிம்பில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் ஒரு பல் டாக்டர்.

என் நண்பனுடைய சித்தப்பா அவர். இன்றைக்கும் கிளினிக் நடத்துகிறார், நல்ல கைராசிக்காரர். ஒன்றே ஒன்று. முகக்கவசத்தைக் கழற்றவே மாட்டார். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கும்போதுகூட. கேட்டால் தொழில் பழக்கம் என்பார். அது பொய்.

அவர் ஒரு டைவிங் கிளப்பில் இருந்தார். வாரமெல்லாம் நாற்காலியில் கூன் விழுந்தவர்கள், லீவு நாளில் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். வருடத்துக்கு ஒரு முறை எல்லோருமாகச் சேர்ந்து அந்தத் தீவுக்குப் போவார்கள். அங்கே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ரப்பர் நாற்றம், டீசல் நாற்றம், நனைந்த உடுப்புகளின் நாற்றம். வேறொன்றும் கிடையாது. ஆனாலும் அதற்காக வருடம் பூராவும் ஏங்குவார்கள்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தனியாக யாரும் இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். சிலிண்டரின் வால்வு பிடரிக்குப் பின்னால் இருக்கும், நம் கை அதற்கு எட்டாது. அதனால் குதிப்பதற்கு முன்னால் ஜோடிக்காரர்தான் பின்னால் கையை விட்டு, அது முழுக்கத் திறந்திருக்கிறதா என்று திருகிப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தோளில் இரண்டு தட்டு. தட்டு விழுந்தால் குதிக்கலாம். முதுகு நம்முடையது, உயிர் அடுத்தவர் கையில்.

அதற்கு முந்தின வருடம் டாக்டருக்கு ஜோடியாக வந்தவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். எந்நேரமும் வாயில் பெப்பர்மின்ட் மிட்டாய். பல் டாக்டருக்கு மச்சானாக இருந்துகொண்டு மிட்டாய் தின்றால் சும்மா விடுவாரா?

"டேய், உன் கடவாப் பல்லைப் பார்த்தா என் தொழிலுக்கே கேவலம்டா."

"விடுங்க அத்தான், நான் தின்னாத்தானே உங்களுக்குப் பொழப்பு!"

தண்ணீருக்குள் போனாலும் அவன் சும்மா இருக்க மாட்டான். ஆபத்து என்றால் இரும்புத் துண்டால் சிலிண்டரில் மூன்று தட்டு தட்ட வேண்டும், அது ஜோடியைக் கூப்பிடுகிற சத்தம். இவனோ ஒரு நண்டைப் பார்த்தாலும் தட்டுவான். டொக் டொக் டொக். திரும்பிப் பார்த்தால் நண்டைக் காட்டிச் சிரிப்பான்.

அன்றைக்கும் தட்டினான். டாக்டர் பாறை இடுக்கில் ஓர் ஆக்டோபஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவனுக்கு வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டார். மறுபடி... டொக் டொக் டொக். அப்புறம் அவசரமாக ஒரு மூன்று. அப்புறம் சத்தமே இல்லை.

அவர் திரும்பியபோது பின்னால் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

தேடாத இடமில்லை. நீரோட்டம் கொண்டுபோனதைக் கடைசிவரை திருப்பித் தரவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்கதானே கடைசியாப் பார்த்தீங்க? வால்வு சரியாத் திறந்திருந்துச்சா?"

"நல்லாத்தாம்மா திறந்திருந்துச்சு."

சொல்லிவிட்டார். ஆனால் அவர் கைக்குத் தெரியும். அவன் ஏதோ ஜோக் சொல்ல, இவர் சிரித்துக்கொண்டே திருகினார். எந்தப் பக்கம்? ஏற்கெனவே திறந்திருந்த வால்வை இறுக மூடிவிட்டுக் கொஞ்சமாகத் திறந்துவிட்டிருந்தால்... படகில் இருக்கிறவரை மூச்சு நன்றாகவே வரும். ஆழத்தில்தான் வராது. எந்தப் பக்கம் திருகினோம் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அந்த ஒரு கேள்வி மனுஷரை உள்ளே உள்ளே அரித்துத் தின்றது.

"ஏங்க, தூக்கத்துல என்னத்தைத் திருகுறீங்க?" என்று மனைவி எழுப்புவாள்.

அடுத்த வருடம் கிளப் கிளம்பியது. அவர் போக மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போனார். அந்த இடத்தில் ஒரு தடவை இறங்கினால் ஞாபகம் வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. இந்த முறை ஜோடியாக வந்தவர் கிளப் தலைவர், ரிட்டையர்டு ரயில்வே கார்டு. எல்லோரும் அவரை 'கேப்டன்' என்பார்கள்.

ஆக, பகல் பதினொரு மணி. படகின் விளிம்பு. கடலுக்கு முதுகு. அங்கிருந்து அப்படியே மல்லாக்க விழ வேண்டியதுதான். எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். படகின் வயிற்றில் அலை படுகிற சத்தம் மட்டும்... களக்... களக்... டாக்டர் குழாயை வாயில் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

பிடரியில் ஒரு கை பட்டது. நல்ல குளிர்ச்சி. பின்னால் வால்வு திரும்புகிற சத்தம். கர்ர்... கர்ர்... கர்ர்... முட்டி நின்றது. அப்புறம் எதிர்ப்பக்கம் கொஞ்சமாக ஒரு கர்ர். மடியில் கிடந்த அவருடைய கை தானாகத் துடித்தது. அந்தத் திருகல் அந்தக் கைக்குப் பரிச்சயமான திருகல்.

தோளில் இரண்டு தட்டு.

பழகிய உடம்பு யோசிக்குமா? அப்படியே மல்லாந்து விழுந்தார். விழுகிற நொடியில் கண்ணைத் திறந்தவருக்குக் கேப்டன் தெரிந்தார். எதிர்ப்பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து, காலில் நீந்துகிற ரப்பர் துடுப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் பின்னால் நின்று திருகியது யார்? பின்னால் நிற்பதற்குத் தரையே கிடையாது. கடல்தான்.

உடனே மேலே வந்திருக்கலாம். வரவில்லை. அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கீழே போனார். கேப்டன் பின்னாலேயே வந்து அவரைத் தாண்டி முன்னால் நீந்தினார். அந்தப் பாறை வந்தது. மூச்சு இறுகியது. ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் காற்று மீட்டரின் முள் சடாரென்று பூஜ்யத்தில் விழுந்து, மெல்ல எழுந்தது. ஸ்ட்ரா அடைத்துக்கொண்டால் இளநீர் வருமே, அந்த மாதிரி ஒரு துளி, ஒரு துளியாகக் காற்று.

ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு மூடியது அவர்தான். அவர் கைதான்.

இரும்புத் துண்டை எடுத்துத் தட்டினார். டொக் டொக் டொக். கேப்டன் திரும்பவில்லை. மறுபடி தட்டினார். அப்போதும் திரும்பவில்லை.

பதில் வந்தது. கீழேயிருந்து, இருட்டாயிருந்த பக்கத்திலிருந்து... நிதானமாக... டொக்... டொக்... டொக்.

பிடரியில் அதே குளிர்ந்த கை. கர்ர் என்று ஒரே திருகல். முள் பூஜ்யத்தில் விழுந்தது. இந்த முறை எழவில்லை. முழுக்க மூடியாகிவிட்டது.

டாக்டர் கை கால்களைத் தளர விட்டார். எடுத்துக்கோடா, உன் கணக்கு நேராகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் உடம்பு தானாக ஒரு மூச்சு இழுத்தது.

காற்று வந்தது.

சில்லென்று, தாராளமாக, தொண்டை நிறைய. வாயெல்லாம் பெப்பர்மின்ட். தோளில் இரண்டு தட்டு விழுந்தது, மேலே போ என்கிற மாதிரி.

படகில் ஏறியதும் கேப்டன் அவர் சிலிண்டரைக் கழற்றப் போனார். வால்வைத் தொட்டவர் கையை எடுக்கவேயில்லை.

"டாக்டர்... இது இறுக மூடியிருக்கே. பொட்டுக் காத்து வராதே இதுல. இவ்வளவு நேரம் எதைய்யா சுவாசிச்சீங்க?"

டாக்டர் ஒரு மூச்சு விட்டார். கேப்டன் அவர் முகத்துக்கு அருகில் வந்து மோந்து பார்த்தார். அப்புறம் எழுந்து படகின் மறுமுனைக்குப் போய்விட்டார். கரை வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வீட்டு வாசலிலேயே மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். "நான்தாம்மா. தப்பாத் திருகிட்டேன்." அவள் அழவில்லை, திட்டவில்லை. அவர் பேசும்போது வந்த மூச்சு முகத்தில் பட்டதும், ஓர் அடி பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தனி அறை, தனிப் பாய். அவரோடு ஒரு பேச்சும் இல்லை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி ஆயிற்றே, அவளைக் குற்றம் சொல்ல முடியுமா?

எத்தனை தடவை பல் தேய்த்தாலும் அந்த வாசம் போகவில்லை. முகக்கவசம் அதற்குத்தான்.

ஒரு ராத்திரி ஏதோ உறுத்த, டாக்டர் கண் விழித்தார். முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம். மனைவி. கட்டிலோரம் மண்டியிட்டு, கண்ணை மூடி, அவர் விடுகிற மூச்சை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. "பேச மாட்டியாம்மா?" என்றார் மெதுவாக.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"நீங்க தூங்குங்க," என்றாள். "நான் உங்களைப் பார்க்க வரலை."