ஒன்று நாற்பதுக்கு நடந்ததாகச் சொன்ன விபத்து

கார் பற்றறி ஒரு சோம்பேறிச் சாமான். கிழமைக்கு ஒருமுறை தட்டி எழுப்பாவிட்டால் படுத்துவிடும். என் அண்ணன் மகன் கீர்த்திகன் கனடாவுக்குத் திரும்பும்போதெல்லாம் சாவியை என்னிடம் தந்து, "சித்தப்பா, கிழமைக்கு ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணி விடுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். கோயில் திருவிழாவுக்கு வந்து நிற்கும் மூன்று கிழமைக்காக வாங்கிய கார் அது. மிச்ச நாட்களில் பூட்டிய வீட்டோடு அதுவும் பூட்டிக் கிடக்கும். வேலணையில் இப்படிப் பல வீடுகள், பல கார்கள், சாவியோடு பல சித்தப்பாமார்.

நான் மயில்வாகனம், ஐயா. பாடசாலையில் லிகிதராக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒன்பது வருடமாகச் சமாதான நீதவான். ஊரவர்கள் கொண்டுவரும் பத்திரங்களைப் பார்த்து, உண்மைப் பிரதிதான் என்று ஒப்பமிட்டு முத்திரை குத்திக் கொடுப்பேன். சட்டம் படித்தவனல்ல, ஆனாலும் எந்தக் குற்றத்துக்கு என்ன என்று ஓரளவு தெரியும். இந்த வழக்கில் அதுவே எனக்கு வினையாய்ப் போயிற்று.

முதலில் முற்றத்தில் ஸ்ரார்ட் செய்து நிறுத்தினேன். பிறகு படலை வரை ஓட்டினேன். பிறகு சந்தி வரை. இரண்டு வருடத்தில் வங்களாவடிக்குப் போய்க் கோழித்தீன் வாங்கி வருமளவுக்குக் கை பழகிவிட்டது. என்னிடம் இருப்பது மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் மட்டுந்தான். காரின் காப்புறுதி மாசியில் முடிந்திருந்தது. "ஓடாத காருக்கு ஏன் சித்தப்பா, ஆடியிலை வந்து போடுவம்" என்றான் கீர்த்திகன். அவன் சொன்னதில் பிழையில்லை. அவனைப் பொறுத்தவரை அது ஓடாத கார்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு பத்துக்கு, மீன்காரர் அன்ரனிதாஸ் சைக்கிளில் எனக்கு எதிரே வந்தார். வளைவில் அவரைக் கண்டதும் என் வலது கை விரல்கள் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்தன. நாற்பது வருடம் மோட்டார் சைக்கிள் ஓடியவனுக்குப் பிரேக் அங்கேதான் இருக்கிறது. கார் நிற்கவில்லை. கார் தட்டி அவர் மதகுக் கட்டில் மோதி விழுந்தார்.

பொலிசார் எழுதி வைத்திருப்பது வேறு. காரை ஓடியது என் தங்கை மகன் பிரதாபன். விபத்து நடந்தது பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு. உடனே ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் உயிர் போய்விட்டது. பிரதாபன் வான் ஓடுகிறவன், முறையான அனுமதிப்பத்திரம் உள்ளவன். காப்புறுதியும் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அவன் நீதிமன்றத்தில் உங்கள் முன் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்வான். நான் சொன்னதைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை.

போன கிழமை அன்ரனிதாசின் மனைவி ஜெயந்தா மரணச் சான்றிதழின் பிரதிகளோடு என் வீட்டுக்கு வந்தாள். நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கச் சமாதான நீதவானின் ஒப்பம் வேண்டும். வேறு ஆளிடம் போயிருக்கலாம். என்னிடம் வந்ததற்குக் காரணம், கடைசி நேரத்தில் அவரைத் தூக்கியவன் நான் என்ற நன்றி. கதிரையில் இருக்கச் சொன்னேன். அவள் இருக்கவில்லை. தன் போனை நீட்டினாள்.

"இஞ்சை பாருங்கோ ஐயா. பன்ரெண்டு முப்பத்திரண்டுக்கு எனக்கு எடுத்திருக்கிறார். நான் கிணத்தடியிலை நிண்டனான், கேக்கேல்லை. பிறகு நான் எடுக்க அவர் எடுக்கேல்லை. என்ன வாங்கிவாறதெண்டு கேக்கத்தான் எடுத்திருப்பார், என்ன? அவர் நல்லாயிருந்த நேரந்தானே?"

"ஓம் பிள்ளை, நல்லாயிருந்த நேரந்தான்" என்றேன்.

மூன்று பிரதியிலும் முத்திரை குத்தினேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே அலுப்பு. படுத்தாலும் தீராத அலுப்பு. அந்தப் போனை வைத்து யாராவது நேரத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து நான் இங்கே வரவில்லை. பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிய இந்த வயதில் ஏலவில்லை.

ஆகவே அந்த ஒன்றரை மணித்தியாலத்தை ஒழுங்காகச் சொல்கிறேன்.

விழுந்தவுடன் அவர் பேசினார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்றார். அவரைப் பூவரச நிழலுக்கு இழுத்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். மீன் பழுதாகாமல் நனைத்த சாக்கைப் பெட்டிமேல் போட்டேன். அந்த ஒழுங்கையில் இரண்டு பக்கமும் லண்டன்காரர், சுவிஸ்காரர் வீடுகள். மதியத்தில் காகம்தான் வரும்.

அப்போதுதான் யோசித்தேன். அனுமதிப்பத்திரம் இல்லை, காப்புறுதி இல்லை, கார் என்னுடையதுமில்லை. எனக்குத் தண்டம், மறியல்சாலை, பதவியும் போகும். அது போகட்டும். உரிமையாளன் என்று கீர்த்திகனையும் இழுப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காப்புறுதி இல்லாவிட்டால் இந்த மனுசனின் குடும்பத்துக்கு யார் கொடுப்பது? அவருக்காகத்தான் முதலில் அதைச் செய்ய வேண்டும் என்று எனக்குப் பட்டது.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஏஜென்டுக்குப் போன் செய்தேன். மூன்றாம் ஆள் காப்புறுதிக்கு வாகனப் புத்தகத்தின் படம் போதும் என்றார். புத்தகம் கீர்த்திகன் வீட்டு அலுமாரியில் இருந்தது. அதை எடுக்கப் போனேன். காரில்தான் போனேன். ஒரு விளக்கு உடைந்ததைத் தவிர காருக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி அங்கிருந்து பத்து நிமிட ஓட்டம்.

அவர் மனைவிக்குப் போன் எடுத்தது நான் போயிருந்த நேரத்தில். நான் திரும்பி வந்தபோது அவர் கையிலிருந்து நழுவிக் கிடந்த போன் அடித்தது. ஜெயந்தா என்று காட்டியது. அவர் கை எட்டவில்லை. நான் எடுத்துச் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். பேசினால் களைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

நான் போன் செய்து கூப்பிட்டிருந்த பிரதாபன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் பதறினான். "மாமா, முதல்லை ஆளைத் தூக்குவம்" என்றான். "பொறு, பத்திரம் வரட்டும்" என்றேன். அவன் மதகுக் கட்டில் குந்தியிருந்து அழுதான்.

ஒன்று இருபத்தைந்துக்குப் பத்திரம் போனுக்கு வந்தது. காப்புறுதி எடுத்த அதே நிமிடத்தில் விபத்து என்றால் எவரும் ஏற்கமாட்டார்கள். கால் மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். ஆகவே இருந்தோம்.

அந்தக் கால் மணித்தியாலத்தில் அவருக்கு உயிர் இருந்தது, ஐயா. முகம் வெளிறியிருந்தது, நினைவு தெளிவாக இருந்தது. ஒருமுறை என்னைப் பார்த்து, "அண்ணை, வெளிக்கிடுவமோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறும் அன்ரன், உம்மடை நன்மைக்குத்தான்" என்றேன்.

"ஓம் அண்ணை" என்றார். பிறகு கேட்கவில்லை. ஒன்று நாற்பதுக்கு நாங்கள் தூக்கும்போது தலை சரிந்துவிட்டது.

காரை ஓடியவன் நான். நேரத்தை மாற்றியவன் நான். பிரதாபனை விட்டுவிடுங்கள். ஆனால் நான் அவரைச் சாகவிட்டேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவர் ஒருமுறைதான் கேட்டார், அதுவும் மெதுவாகத்தான் கேட்டார். கொஞ்சம் அவசரப்படுத்தியிருந்தால் நான் கட்டாயம் கொண்டுபோயிருப்பேன்.