பஸ் தள்ளியவர்களின் சொற்கள்

"உங்க வூட்டுப் பேச்செல்லாம் அகராதியில ஏறுமா?" என்று கல்லூரி விடுதித் தோழி ஒருத்தி சிரித்தாள். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவள் நான்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். திங்கட்கிழமை, பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரிக்குப் போன பஸ் மேட்டில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். எனக்கு முன்னால் பச்சைச் சேலை கட்டிய பெண்ணும் அவள் அண்ணியும் தள்ளினார்கள். பெண்ணுக்குப் பத்து மணிக்குப் பால்வாடி டீச்சர் இண்டர்வியூ.

"நீ எதுக்கு எறங்கன? பவுடரெல்லாம் வேர்த்து ஊத்துது பாரு."

"நின்ன பஸ்ஸுல பவுடரோட உக்காந்திருந்தா வேல குடுப்பாங்களா அண்ணி?"

"மூசு மூசுன்னு மூச்சு உடற. அங்க போயி பேச்சு வருமா உனக்கு?"

"அதெல்லாம் வரும். தள்ளுங்க!"

"அய்யோ, ஒம்போதரை! தள்ளுங்கப்பா! சோறு திங்கல நீங்கெல்லாம்?"

"எங்கண்ணிக்கு மருள் வந்திருச்சு. கண்டக்டரே, வேப்பிலை இருக்குங்களா?"

சிரித்த சிரிப்பிலேயே பஸ் நகர்ந்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் இறங்கி ஓடினாள். முகத்தில் பவுடரே இல்லை.

நான் நேராக நூலகத்துக்குப் போய்ப் பழைய அகராதியைப் புரட்டினேன். பெருமூச்சு விடுவதற்கு மூசுதல், வியர்ப்பதற்கு வேர்த்தல், தெய்வம் ஏறுவதற்கு மருள். மூன்றும் இருந்தன! எங்கள் அம்மா தினமும் சொல்லும் சொற்கள்.

பக்க எண்களோடு தோழிக்குக் கார்டு போட்டாயிற்று. புது நோட்டும் வாங்கிவிட்டேன். அதன் முதல் பக்கத்தில் மூன்று சொற்களையும் எழுதி, "சொன்னவர்கள்" என்ற இடத்தில், இண்டர்வியூ முடிவு தெரியும் முன்பே, "பால்வாடி டீச்சரும் அவர் அண்ணியும்" என்று எழுதியிருக்கிறேன்.