அவசரம் ஒண்ணுமில்ல

இல்ல ரிக்கே, கிளினிக்குக்கு வந்த இந்த மெசேஜுக்கு உங்க மெஷின் பச்சை, மெதுவாப் பார்க்கலாம்னு வச்சது தப்பு. சிவப்பு போடுங்க. நீங்களே படிச்சுப் பாருங்க, கால்ல சின்னதா ஒரு வெட்டு, சும்மா தெரியப்படுத்துறேன்னுதானே எழுதியிருக்கான்? சின்ன வெட்டுக்கெல்லாம் இந்த மேற்கு யூட்லாண்ட் கிராமங்கள்ல எவனும் டாக்டருக்கு எழுத மாட்டான். துணியச் சுத்திக்கிட்டு வேலையப் பார்ப்பான். எழுதிட்டான்னா பாதிக் கால் போயிருச்சுன்னு வச்சுக்கோங்க.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. காபி இன்னும் இருக்கு, ஊத்திக்கோங்க.

அடுத்தது என்ன? அய்யோ உயிர் போகுது, உடனே ஆள் அனுப்புங்க, பின்னால மூணு ஆச்சரியக்குறி. இதுக்குச் சிவப்பாம்ல! இது யாருன்னு பேரே வேணாம். கடற்கரையில லீவுக்கு வந்து தங்கியிருக்கிற உங்க கோபன்ஹேகன் ஆளுங்க. ஜெல்லிமீன் பட்டிருக்கும். ரெண்டு நாள் அரிக்கும், தீந்துச்சு.

உங்க மெஷின் எப்படித்தான் படிக்குதுன்னு இன்னொரு தடவ சொல்லுங்களேன். ம்... ம்... அப்போ அதுக்கு வலின்னா என்னன்னு தெரியாது. லட்சக்கணக்கான பேர் எழுதுனதப் பார்த்து, இப்படி எழுதுனவங்களுக்கு இப்படி ஆச்சுன்னு யூகிக்குது. அந்த லட்சம் பேர்ல எங்காளுங்க எத்தன பேரு? அதானே பார்த்தேன். எங்காளுங்க எழுதுனாத்தானே அது படிக்கிறதுக்கு! உங்க ஊர்ல வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிடுறாங்க. குடுத்து வச்ச சனம்.

எங்கண்ணன் கிரெஸ்டன் எழுதுனத நீங்க பார்த்திருப்பீங்க. அதுக்கப்புறந்தானே கிளினிக்ல உங்கள வரவழைச்சு, என்னையும் இதுல உட்கார வச்சது. கொஞ்சம் அலுப்பா இருக்கு, உங்களுக்கு நேரமிருந்தா பாருங்க, அவசரம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான் எழுதுனான். மெஷின் அந்த அவசரம் ஒண்ணுமில்லங்கிறதக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. பச்சை. அடுத்த வாரம் வாங்கன்னு பதில். மறுநாள் மாட்டுக் கொட்டகையில விழுந்து கிடந்தான். நான்தான் போய்ப் பார்த்தேன். மாடுங்க சுத்தி நின்னுக்கிட்டு இருந்துச்சு.

முன்னாடி கிளினிக்ல பிர்தேன்னு ஒருத்தி போன் எடுப்பா. கிரெஸ்டன் அவகிட்ட அலுப்பா இருக்குன்னு சொல்லியிருந்தா, வாயை மூடிக்கிட்டு வண்டியில ஏறுடான்னு கத்தியிருப்பா. அவ ரிட்டையர் ஆனாளா, அவ இடத்துல உங்க மெஷின் ஐயா வந்து உட்கார்ந்துட்டாரு.

கோவமா? மெஷின் மேல என்னத்தக் கோவப்படுறது? ...இருந்துச்சு. தூக்கி ஃபியோர்டுத் தண்ணியில போடணும்னு இருந்துச்சு. இப்பவும் இருக்கு.

எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க, ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருக்கலாமேன்னு. நமக்காக அது இங்க வந்து நிக்கிற நேரம் பார்த்து, வேற யாருக்காவது நிஜமாவே தேவைப்பட்டுட்டா? அவன் அப்படித்தான் யோசிச்சிருப்பான். எல்லாரும் அப்படித்தான் யோசிப்போம். முட்டாத்தனம்தான். தெரியுது. தெரிஞ்சு என்ன பண்ண?

அடுத்ததப் படிங்க. பொண்டாட்டி எழுதச் சொன்னா, அதான் எழுதுறேன். அதுக்கு மேல ஒண்ணுமே இல்லையா? சிவப்பு. கண்ண மூடிக்கிட்டுச் சிவப்பு போடுங்க. பொண்டாட்டி பேச்சக் கேக்குற அளவுக்கு வந்துட்டான்னா, பாவம், ரொம்ப முடியலன்னு அர்த்தம்.

இது... ரெண்டு நாளா சாப்பாட்டுல அவ்வளவா விருப்பமில்ல. தெரியலயே ரிக்கே. நிஜமாவே தெரியல. சமைச்சது யாருன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும். நடுவுல மஞ்சள் கலர் போட்டு வைங்க, யாராவது போன் பண்ணிக் கேக்கட்டும்.

நானும் என்ன இப்படிப் பேசிக்கிட்டே இருக்கேன்! இந்த அடுப்படி ஒரு வருஷத்துல கேக்குற பேச்ச இன்னைக்கு ஒரே காலையில கேட்டுருச்சு. கிரெஸ்டன் இருந்தா, ஈவர், உனக்கு என்னடா ஆச்சுன்னு கேட்டிருப்பான்.

இன்னும் ஒண்ணா? இருக்கட்டும், படிங்க. கறவை மெஷின மாட்டுறப்போ இடது கை சொன்ன பேச்சு கேக்கல, நெஞ்சும் லேசா இறுக்குச்சு, மத்தபடி நல்லா இருக்கேன்.

பச்சையா? ம். இன்னைக்குக் காலையில வந்த மெசேஜும் இதுல சேந்துருச்சா? வேகத்துல ஒண்ணும் குறையில்ல.

சிவப்புன்னுதான் நினைக்கிறேன். இல்ல, என்ன நினைக்கிறது, சிவப்புதான்.

யாரா? பேரையெல்லாம் எடுத்துட்டோம்னு நீங்கதானே சொன்னீங்க.

பதறாதீங்க, உட்காருங்க. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முந்திதான் அனுப்புனேன். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கு. சரி, பார்த்துக்கலாம்னு இருந்தப்போ உங்க வண்டி வாசல்ல வந்து நின்னுச்சு. வந்தவங்ககிட்ட எடுத்த எடுப்புல இதையா சொல்றது? கேக் வெட்டி வைக்கணும், காபி போடணும். சொல்லலாம், சொல்லலாம்னுதான் பேசிக்கிட்டே இருந்தேன். வேற என்னென்னமோ வருது, இது மட்டும் வாய்க்கு வர மாட்டேங்குது. பயமா இருக்கு ரிக்கே.

உங்க வண்டியிலயே போயிடலாம். என்னோடது வேணாம். எனக்கு இன்னைக்கு ஓட்டணும்னு அவ்வளவா தோணல.